எண் போடாத பக்கம்

சட்டாம்பிள்ளை ஒரு கையைக் கோர்ட்டய்யாவின் தோளுக்கு அடியிலும் மற்றதை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, அவரைச் சுவர்ப்பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு கிலோ மனிதர். கையால் இழுத்தால் இழுக்கிறவளின் இடுப்பு போய்விடும். விரிப்போடு சேர்த்து இழுத்து, தன் உடம்பைப் பின்னால் சாய்த்தால் தானாகத் திரும்புவார். திருப்பியதும் முதுகைப் பார்த்தாள். சிவப்பு இல்லை. இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் மனிதரின் முதுகில் ஒரு புண் கிடையாது என்றால் அது சும்மா வந்ததல்ல. விதி ஏழு: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். அந்த விதியை எழுதியது அவள்.

கோர்ட்டய்யாவோ சுவரைப் பார்த்தபடி வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"நம்ம விதிப்புத்தகத்தோட முதல் பக்கம்மா. எழுதறப்பவே எனக்குப் படிச்சுக் காட்டினா, மனப்பாடம் ஆகிடுச்சு. என்ன அழகா எழுதியிருக்கா உங்க ஓரகத்தி."

சட்டாம்பிள்ளை தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தியே சொருகினாள்.

முதியோர் இல்லத்தில் அவளுக்கு அந்தப் பெயர் வந்து பல வருடம் ஆகிறது. வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்பை அடக்கி வைக்கிற பிள்ளைக்கு என்ன பெயரோ அதுதான் அவளுக்கும். முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்தேழு, இப்போது ஐம்பத்தெட்டு. முதல் ஐந்து வருடம் படுக்கைப் பாத்திரம் கழுவினாள். அப்போதே மருந்து அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, அவற்றின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினாள். குளியலறையில் ஒருவர் வழுக்கி விழுந்த அன்று விதி ஒன்று: ஈரத்தைத் துடைக்காமல் ஆளை உள்ளே விடக் கூடாது. தூக்கத்தில் இருந்தவரை உலுக்கி எழுப்பி டீ கொடுத்து, அது மடியில் கொட்டிக் கொப்புளம் வந்த அன்று விதி முப்பத்தொன்று: மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை யாரையும் எழுப்பக் கூடாது. இப்படி ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எலும்பு, ஒரு கொப்புளம், ஒரு மூச்சுத் திணறல். எந்த விதி யாரால் வந்தது என்று கேட்டால் அறை எண்ணோடு சொல்வாள்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் அச்சில் விதிப்புத்தகம் கேட்டார்கள். மேட்ரன் அட்டைகளையெல்லாம் வாங்கித் தட்டச்சு செய்யக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். மேட்ரனின் கண் கூடத்துச் சுவருக்குப் போனது. அங்கே நாட்டின் அரசியல் சாசனத்தின் முகவுரை, கண்ணாடி போட்ட சட்டகத்தில் தொங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஈரத்துணியால் துடைப்பவள் சட்டாம்பிள்ளைதான். கண்ணாடியில் எந்த மூலையில் கீறல் என்று தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை.

"நாட்டோட சாசனத்துக்கே முன்னாடி ஒரு பக்கம் இருக்கு. நாம யாரு, எதுக்காக இதை எழுதறோம்னு. நம்ம புத்தகம் எடுத்த எடுப்புல ஈரத்தைத் துடைன்னு ஆரம்பிக்குது," என்றார் மேட்ரன்.

சட்டாம்பிள்ளை முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள்.

"சின்னவளை எழுதச் சொல்லலாம். அவளுக்குப் பேச்சு நல்லா வரும்."

சின்னவள் என்பது அவள் கொழுந்தனின் மனைவி. நான்கு வருடத்துக்கு முன் இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே சட்டாம்பிள்ளைதான். கையுறை மாட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். ஆனால் சின்னவள் எங்கே போனாலும் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிடும். வீட்டில் மாமியார் மூன்று வருடம் படுக்கையில் கிடந்தபோது, மலம் எடுத்து, உடம்பு துடைத்து, சளி உறிஞ்சி எடுத்தது மூத்தவள். கடைசி வாரத்தில் மாமியார் கேட்டது: "சின்னவளை வரச் சொல்லு, நகம் வெட்டிக்கணும்." நகம் வெட்டப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் பதினாறு வருடமாகச் சட்டாம்பிள்ளையின் தொண்டையில் நிற்கிறது.

எட்டு வரிப் பக்கத்துக்குச் சின்னவள் பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள். அறை அறையாகப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு இங்கே என்ன வேணும், எது நடக்கவே கூடாது என்று கேட்டாள். பேச முடியாதவர்களிடம் கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்டாள். மாடியில் எதிரெதிர் அறைகளில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மனைவி, வந்த நாளிலிருந்து கணவரைத் தவிர யாரோடும் வாய் திறக்காத அம்மாள். அவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் இருந்தாள்.

"வேலைய விட்டுட்டு ஊர்க்கதை கேக்கறா," என்றாள் சட்டாம்பிள்ளை, துவைக்கிற இடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

பக்கம் தயாரானதும் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து மேட்ரன் படித்தார். 'இந்த வீட்டில் படுத்திருப்பவர்களும் நடப்பவர்களும் வேலை செய்பவர்களுமாகிய நாங்கள் சேர்ந்து எழுதிக்கொள்வது' என்று தொடங்கியது. மூன்றாவது வரிக்கு வந்தபோது, 'இங்கே வருவதற்கு முன் யாருக்கு யார் என்னவாக இருந்தோமோ, வந்த பிறகும் அப்படியே இருப்போம்' என்று படித்தபோது, தையல்காரரின் மனைவி சக்கர நாற்காலியில் நிமிர்ந்து, "அது நான் சொன்னது," என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. கை தட்டினார்கள். கை தூக்க முடியாதவர்கள் தட்டைத் தட்டினார்கள்.

"மத்த ஐம்பத்து மூணையும் அவங்கவங்க மெதுவா படிச்சுக்கோங்க," என்று மேட்ரன் புத்தகத்தை மூடினார்.

சட்டாம்பிள்ளை சிரித்தபடிதான் இருந்தாள். தாடை வலித்தது.

அன்று மாலையே கோர்ட்டய்யாவிடம் போனாள். முப்பது வருடம் நீதிபதிக்கு முன்னால் வழக்குக் கட்டுகளை எடுத்து வைத்தவர், சட்டம் தெரியும். படுக்கைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஐயா, சாசனத்துக்கு முன்னாடி ஒரு பக்கம் இருக்குல்ல. அதை வச்சு ஒருத்தர் கேஸ் போட முடியுமா?"

"அதை மட்டும் வச்சா? முடியாதும்மா."

"அதுல இருக்கறபடி நடக்கலன்னா தண்டனை உண்டா?"

"கிடையாது. ஆனா..."

"போதுங்கய்யா," என்று அவள் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஒன்றுக்கும் உதவாத பக்கம். அலங்காரம்.

நகல் கடையிலிருந்து தாள்கள் உதிரியாக வந்தன. பதினான்கு புத்தகம், கீழ்மாடிக்கு ஏழு, மேல்மாடிக்கு ஏழு. அடுக்கிப் பின் அடிக்கிற வேலை சட்டாம்பிள்ளையுடையது. கீழ்மாடிப் புத்தகங்களைச் சரியாகவே அடித்தாள். தன் பொறுப்பிலுள்ள மேல்மாடிக்கு வந்தபோது கை நின்றது. விதித்தாள்களில் பக்க எண் இருந்தது. அந்த ஒரு தாளில் மட்டும் இல்லை. எண் போடாத தாளை எங்கே வைப்பது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள், தெரியாதவள் போல. ஏழு தாளையும் தன் அலமாரியில் கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மேல்மாடிப் புத்தகங்கள் எடுத்த எடுப்பில் ஈரத்தைத் துடை என்று ஆரம்பித்தன.

ஏழு வாரம் யாரும் கவனிக்கவில்லை. விதிப்புத்தகத்தை யார் முதலிலிருந்து படிக்கிறார்கள்.

எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. மதியம் மாடியை நெட்டையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். நெட்டை ஐம்பது வயது ஆள், கிடங்கு வேலையிலிருந்து வந்தவர், சேர்ந்து மூன்று மாதம். விதிப்புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அவர் சட்டாம்பிள்ளைக்குப் பிடித்த வேலையாள்.

இரண்டு மணிக்குத் தையல்காரரின் மனைவிக்கு மூச்சு இழுத்தது. நெட்டை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தார். தலைப்பக்கம் உயர்த்தினார், ஆம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிட்டார், மேட்ரனைக் கூப்பிட்டார். வண்டி பதினெட்டு நிமிடத்தில் வந்தது; மேட்ரன் ஓர் ஆயாவோடு அதில் ஏறிப் போனார். விதி முப்பத்தெட்டு: கோப்பில் முதலில் உள்ள உறவினருக்குச் சொல்ல வேண்டும். கோப்பில் இருந்தது வெளியூர் மகன்; சொன்னார். எதிர்வரிசை அறையில் தையல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். விதி முப்பத்தொன்று: எழுப்பக் கூடாது. நெட்டை அந்த அறை வாசலில் இரண்டு முறை போய் நின்றார். இரண்டு முறையும் திரும்பினார். பிறகு விதி ஒன்பது: கட்டில் காலியானால் அரை மணிக்குள் விரிப்பை உருவி, மெத்தையை மருந்து போட்டுத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். செய்தார்.

நான்கு மணிக்குத் தையல்காரர் எழுந்து, வழக்கம் போலத் தடியை ஊன்றிக்கொண்டு மனைவியின் அறைக்குப் போனார். வெறும் கட்டில். சுவரில் சாய்த்த மெத்தை. மருந்து வாடை. அந்த இல்லத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தக் காட்சிக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க," என்று ஓடிவந்து சொன்னார் நெட்டை.

"எல்லாருக்கும் அப்படித்தானே சொல்வீங்க," என்றார் தையல்காரர்.

அதோடு சாப்பாட்டை நிறுத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்த ஆயா கைபேசியில் அனுப்பிய படத்தைக் காட்டினார்கள். மனைவி பிராணவாயு முகமூடியோடு படுத்திருந்தார். கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு, "முகமூடி போட்டா எல்லாரும் ஒண்ணுதான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சையும் அதோடு நிறுத்தினார்.

புதன்கிழமை மதியம்வரை அவர் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. எண்பத்து மூன்று வயது உடம்புக்கு ஒரு நாள் என்பது பெரிய கணக்கு. கன்னத்துப் பஞ்சோடு சட்டாம்பிள்ளை கரண்டியை நீட்டினாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளியது அப்படியே கூடாரம் மாதிரி நின்றது. உடம்பில் நீர் வற்றுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மேட்ரன் நெட்டையைக் கூப்பிட்டார். சட்டாம்பிள்ளையும் சின்னவளும் கூட நின்றார்கள்.

"புருஷன் எதிர் அறையில இருக்கார். எழுப்பிச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சும்மா. ரெண்டு தடவை போனேன். எழுப்பக் கூடாதுன்னு இருக்கு. எழுப்பலாம்னு எங்கயும் இல்ல."

"முதல் பக்கத்துல என்ன இருக்கு? கீழ்மாடியில போன மாசம் இதே மாதிரி ஆச்சு. அந்த மூணாவது வரியைக் காட்டித்தான் எழுப்பினோம்னாங்க, நானும் சரின்னேன்."

"எந்த முதல் பக்கம்?"

நெட்டை சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். மேட்ரன் புரட்டினார். அட்டை, அடுத்து ஈரத்தைத் துடை. தன் மேஜையிலிருந்த புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். நெட்டை விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"இது என்கிட்ட இருந்திருந்தா எழுப்பியிருப்பேன்," என்றார். "எனக்கே மனசு கேக்கல. ஆனா துணைக்கு ஒரு விதியும் வரல."

சட்டாம்பிள்ளைக்குப் பல் பிடுங்கிய குழி விண்ணென்று தெறித்தது. சின்னவள் நெட்டையின் புத்தகத்தை வாங்கிப் பின் அடித்த இடத்தைப் பார்த்தாள். ஒரே பின், பிரித்து அடித்த தடம் இல்லை; அடுக்கும்போதே விடுபட்ட தாள். ஒரு கணம் நிமிர்ந்து ஓரகத்தியைப் பார்த்தாள். பிறகு மேட்ரனிடம், "கடைக்காரர் விட்டிருப்பார்மா. நகல் எடுக்கறப்போ தாள் மாட்டிக்கும்," என்றாள்.

அதுதான் தாங்கவில்லை. கத்தியிருந்தால், காட்டிக்கொடுத்திருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாள்.

"எதுவானாலும் நாளைக்குள்ள விளக்கம் எழுதிக் கொடுங்க, நெட்டை. நிர்வாகக் குழுவுக்கு அனுப்பணும்," என்றார் மேட்ரன்.

மாலை நான்கு மணிக்குக் கோர்ட்டய்யாவைப் புரட்டும் முறை. புரட்டிவிட்டுச் சட்டாம்பிள்ளை போகாமல் நின்றாள்.

"அன்னிக்கு ஏதோ 'ஆனா'ன்னு சொல்ல வந்தீங்க."

"ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கீங்க. நான் வாய்தா வாங்கினதா நெனச்சுக்கிட்டேன்," என்று கோர்ட்டய்யா சுவரைப் பார்த்தபடி சிரித்தார். "ஆனா, சட்டம் ரெண்டு ஒண்ணோட ஒண்ணு மோதும் பாருங்க, இல்ல சட்டமே வாயை மூடிக்கும் பாருங்க, அப்போ நீதிபதி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு அந்தப் பக்கத்தைக் கேப்பார். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். நாளைக்கு என்னென்ன வரும்னு எழுதினவங்களுக்குத் தெரியாது. எதுக்காக எழுதறோம்னு மட்டும் தெரியும். அதை முன்னாடி வச்சுட்டுப் போயிட்டாங்க."

"என் விதிலயும்தான் எதுக்காகன்னு இருக்கு. விழக் கூடாதுன்னுதானே."

"அது உங்களுக்குத் தெரியும். நெட்டைக்குத் தெரியுமா? இன்னொண்ணு பாருங்க. உங்களோடது ஐம்பத்து மூணும் உத்தரவு. செய், செய்யாதே. அந்தப் பக்கம் யார் பேசறது? ராஜா பேசல, மேட்ரன் பேசல. நாங்கன்னு ஆரம்பிக்குது. அதுல நானும் இருக்கேன். இடுப்பு உடைஞ்ச கிழவன் நானும் யாருக்கோ ஏதோ வாக்குக் கொடுத்திருக்கேன். அதான் மனப்பாடம் பண்ணினேன்."

சட்டாம்பிள்ளை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். சுருக்கமே இல்லை.

"அப்போ என்னோடது வேஸ்ட்டு."

"யார் சொன்னா? முதல் பக்கம் வந்து என்னைப் புரட்டிப் போடுமா? என் முதுகு உங்க ஏழாவது விதிக்குத்தான் கும்பிடு போடுது. ஆனா அதை யாரும் கூடத்துல படிச்சுக் கை தட்ட மாட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

அவள் பொறாமை அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. போகிற வழியில் கூடத்தில் நின்று, சட்டகத்தை முதல் தடவையாகத் துணி இல்லாமல் பார்த்தாள். படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ ஒருத்தி எழுதியது போலவே இல்லை, நிறையப் பேர் ஒரே மூச்சில் சொன்னது போல இருந்தது. சின்னவள் பதினோரு நாள் எதற்கு எடுத்தாள் என்று அப்போது விளங்கியது. விளங்கியதும் பொறாமை போனதா என்றால், இல்லை. தனக்கு அது தோன்றவில்லையே என்று இன்னும் கொஞ்சம் கூடியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேட்ரன் மேஜையில் ஏழு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். கையுறைப் பெட்டியின் தூள் ஒட்டியிருந்தது.

"கடைக்காரர் விடல. நான்தான் எடுத்து வச்சேன். நெட்டை எழுத வேண்டியதில்ல, நான் எழுதித் தரேன்."

மேட்ரன் தாளையும் அவளையும் பார்த்தார். "ஏன்?"

"பொறாமை," என்றாள் சட்டாம்பிள்ளை. "அதை அப்புறம் பேசலாம். இப்போ தையல்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவர் வீட்டம்மாவைச் சாதாரண வார்டுக்கு மாத்திட்டாங்களாம், முகமூடியைக் கழட்டியாச்சு. ஒன்பது மணிக்குப் பார்க்க விடுவாங்க."

"மகன் கையெழுத்து இல்லாம வெளியே அனுப்பக் கூடாதே. விதி நாற்பத்து நாலு."

"எனக்குத் தெரியாதா? நான் எழுதினது." வெளியே செல்லும் படிவத்தை எடுத்து, 'எந்த விதியின்படி' என்ற கட்டத்தில், 'முதல் பக்கம், மூன்றாவது வரி' என்று எழுதி நீட்டினாள். மேட்ரன் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "விளக்கம் சாயந்திரத்துக்குள்ள வரணும். குழு என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது," என்றார்.

கிழவருக்குச் சட்டை மாட்டுவது பெரும்பாடாக இருந்தது. எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. சுடுகாட்டுக்கு என்று நினைத்திருப்பார். நெட்டை நாற்காலியைச் சரிவுப் பாதையில் இறக்கினார். சின்னவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் ஒரு பை. உள்ளே ரொட்டி, பிளாஸ்க்கில் பால்.

"அந்த மூணாவது வரி நீளம் ஜாஸ்தி," என்றாள் சட்டாம்பிள்ளை, பையை வாங்கிக்கொண்டு. "பாதியா வெட்டியிருக்கலாம்."

"அவங்க சொன்ன நீளம் அவ்வளவுதான்கா."

"நீ எதுக்குக் கடைக்காரர் மேல போட்ட?"

"மாமியாருக்கு நீங்க மூணு வருஷம் பார்த்தீங்க. ஒரு தடவை நகம் வெட்டினதுக்கு என்னைக் கொண்டாடினாங்க. எனக்கும் தெரியும்கா," என்றாள் சின்னவள். "பல்லு எப்படி இருக்கு?"

"இருக்கு," என்று சொல்லிச் சட்டாம்பிள்ளை வண்டியில் ஏறி, கிழவரின் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். விதி பன்னிரண்டு.

ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். தையல்காரரின் மனைவி தலையணையில் சாய்ந்திருந்தார். நாற்காலி அருகே போனதும் கணவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. ஊருக்கெல்லாம் தச்சுப் போட்ட மனுஷன்."

தையல்காரர் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "நான் போடல. இவங்க போட்டாங்க," என்று இரண்டு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து சட்டாம்பிள்ளையைக் கை காட்டினார்.

சட்டாம்பிள்ளை பட்டனை மாற்றக் குனிந்தாள். "இருங்க, நான் போடறேன்," என்று அந்த அம்மாள் ஊசி குத்தியிருந்த கையை நீட்டினார். ஒவ்வொரு பட்டனுக்கும் வெகுநேரம் ஆயிற்று. சட்டாம்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், பிளாஸ்க்கைத் திறந்து ரொட்டியைப் பாலில் நனைத்தாள். கடைசிப் பட்டன் ஏறியதும் கரண்டியை மனைவியின் கையில் கொடுத்தாள். கிழவர் வாயைத் திறந்தார்.

அவள் இடுப்பிலிருந்த சின்ன நோட்டை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: 'ஒன்பது இருபது. தையல்காரர். ரொட்டி இரண்டு துண்டு, பால் முழு டம்ளர். கொடுத்தவர், மனைவி.'